கட்டை விரலும் கைச்சாத்தும்

"உங்கள் வீட்டில் கடை இல்லை, பெயர்ப் பலகை இல்லை, ஆயினும் வாரம் தவறாமல் சேலைப் பொட்டலங்கள் வருகின்றன, போகின்றன. இந்த வியாபாரம் எங்கே நடக்கிறது?" என்று நம் சங்கத்து நண்பர்கள் பலர் என்னைக் கேட்டிருக்கின்றனர். தங்கள் வீட்டுப் பெண்களும் இப்படி ஏதேனும் தொடங்கலாமா என்று யோசனை கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் மாடிப்படியில் நின்று விடை சொல்வதைக் காட்டிலும் நம் இதழிலேயே எழுதிவிடுவது நலம் என்று தோன்றிற்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வியாபாரம் என்னுடையதன்று, என் மருமகளுடையது. நான் அவளுக்குச் சம்பளம் பெறாத கணக்கப்பிள்ளை. 1974-ஆம் ஆண்டில் தில்லிக்கு வந்து, மத்திய அரசுக் காரியாலயம் ஒன்றின் தபால் பிரிவில் அமர்ந்து, 2010-இல் ஓய்வு பெற்றவன். வந்த கடிதத்தை ஒரு பதிவேட்டிலும் போன கடிதத்தை மற்றொரு பதிவேட்டிலும் ஏற்றி, எண் இட்டு, தேதி இட்டு, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்தேன். "வாழ்நாள் முழுவதும் உறைகளை எண்ணிக்கொண்டிருந்தவர்" என்று என் மனைவி என்னைப் பற்றி உறவினரிடம் கூறுவதுண்டு. அந்தப் பழக்கம் முதுமையில் பயன்படும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

நான் தில்லிக்கு வந்த நாளில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்து சேர ஐந்து நாளோ ஆறு நாளோ ஆகும். அவசரமென்றால் தந்தி, அதனினும் அவசரமென்றால் டிரங்க் கால் பதிவு செய்து, இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும். லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி 1960-லேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு அது வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. பொதுமக்களுக்கான இணையச் சேவை நம் நாட்டில் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15 அன்று. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. இன்று என் மருமகள் குக்கர் மூன்றாவது முறை ஓசை இடுவதற்குள் காரைக்குடித் தறியோடு பேசி, புனேயில் உள்ள ஓர் அம்மையாருக்கு விலை சொல்லி, ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்த பணத்தைப் பார்த்துவிடுகிறாள். இந்த வேகத்தை நான் குறை கூறவில்லை. இந்த வேகத்தால் எங்கள் வீட்டில் ஒரு முறை நேர்ந்த விபரீதத்தையும், அதிலிருந்து நாங்கள் கற்றதையும் எழுதவே இக்கட்டுரை.

வியாபாரம் தொடங்கியது ஆசையால் அன்று, முடையால். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மகனின் சம்பளத்தைக் குறைத்தார்கள். மருமகள் வேலை பார்த்த மழலையர் பள்ளி மூடப்பட்டது. பிறகு திறக்கவே இல்லை. வீட்டு வாடகையோ ஒரு ரூபாயும் குறையவில்லை. என் ஓய்வூதியம் இருந்ததால் அடுப்பு எரிந்தது. அவ்வாண்டு இறுதியில் அவள் என்னிடம் வந்து, "மாமா, உங்கள் ஊர்ப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலையை இங்கே விற்றால் என்ன?" என்றாள். ஊரில் எங்களுக்குத் தெரிந்த நெசவாளர் குடும்பம் ஒன்று உண்டு. அண்ணன் தம்பி இருவர், மூன்று தறிகள். ஊரடங்கில் அவர்களிடமும் சேலை தேங்கிக் கிடந்தது. முதலில் வந்தவை பன்னிரண்டு சேலைகள். ஒன்பது நாட்களில் விற்றுப் போயின.

கண்டாங்கியை அறியாத இளையோருக்காக ஒரு சொல்: செட்டிநாட்டுப் பருத்திச் சேலை அது. பெரிய கட்டங்கள், அகன்ற கரை, அழுத்தமான நிறங்கள் — மஞ்சள், அரக்கு, செங்கல், கறுப்பு. துவைக்கத் துவைக்க மென்மையாகும். 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தில்லியின் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான உடை இல்லை என்பது என் மனைவியின் தீர்ப்பு.

அவள் கையாண்ட கருவிகள் யாவரும் அறிந்தவைதாம். வாட்ஸ்அப்பில் வியாபாரத்துக்கென்று தனிச் செயலி ஒன்று உண்டு, 2018-இல் வந்தது. அதில் சரக்குகளைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். கடையின் கண்ணாடி அலமாரி போன்றது அது. இரவில் கேள்வி வந்தால், "காலையில் விடை தருகிறோம்" என்று தானே சொல்லும்படி செய்யலாம். வாடிக்கையாளர் பெயரருகே "பணம் வந்தது", "அனுப்பியாயிற்று" என்று அடையாளச் சீட்டு ஒட்டலாம். இவ்வளவும் செலவில்லாமல் கிடைக்கின்றன. பணத்துக்கு 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. இருக்கிறது. சரக்குக்கு அஞ்சல் நிலையமும் கூரியரும் இருக்கின்றன. இவை போதும், வியாபாரம் நடந்துவிடும் என்று அவள் எண்ணினாள். ஓராண்டு நடக்கவும் நடந்தது.

2021 நவம்பரில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஒரு குடியிருப்பின் மாதர் குழுவினர், பொங்கல் விழாவில் ஒரே மாதிரி உடுத்துவதற்கு இருபத்து நான்கு சேலை கேட்டனர். செங்கல் நிறம், கறுப்புக் கரை. சேலை ஒன்றுக்கு 1,350 ரூபாய். நெசவாளருக்குச் சேலைக்கு 950 ரூபாய், ஆக 22,800. அதில் 8,000 ரூபாயை மருமகள் முன்பணமாக அனுப்பினாள். மாதர் குழுவிடம் அவள் முன்பணம் வாங்கவில்லை. தெரிந்தவர்கள், தமிழர்கள், எப்படிக் கேட்பது என்ற கூச்சம். நம்மவரிடையே வியாபாரம் செய்வோர் பலரையும் பிடித்த நோய் இது.

ஜனவரி 5-ஆம் தேதி மூட்டை வந்தது. பிரித்தோம். இருபத்து நான்கு சேலையும் அரக்கு நிறம்! நல்ல சேலை, நெசவில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் செங்கல் இல்லை. மாதர் குழுவினர் வந்து பார்த்தார்கள். "மன்னிக்க வேண்டும்" என்று சொல்லிப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை. கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று.

நெசவை அறியாதவர்கள், மாற்றி நெய்யச் சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். நூலுக்குச் சாயம் ஏற்றி, பாவு ஓட்டி, கஞ்சி இட்டு, தறியில் ஏற்றிவிட்டால் அந்தப் பாவில் வரும் சேலை அத்தனையும் அந்த நிறந்தான். எங்கள் நெசவாளர் பாவு ஒன்றுக்கு எட்டுச் சேலை நெய்பவர். மூன்று தறி, மூன்று பாவு, இருபத்து நான்கு சேலை. இரண்டு குடும்பங்களின் ஒரு மாத உழைப்பு அந்த மூட்டையில் இருந்தது.

மருமகள் அழுதாள். பிறகு அழுகை கோபமாயிற்று. நான் மதிய உறக்கத்தில் இருந்த வேளையில், "செங்கல் என்று சொல்லி அரக்கு அனுப்பி ஏமாற்றிவிட்டீர்கள், மீதிப் பணம் தர முடியாது" என்று நெசவாளருக்கு எழுதி அனுப்பிவிட்டாள். முற்காலமாக இருந்தால் அந்தக் கடிதத்தை எழுதி, உறையில் இட்டு, தபால் பெட்டி வரை நடப்பதற்குள் பாதிக் கோபம் தணிந்திருக்கும். கிழித்தும் எறிந்திருக்கலாம். இங்கே விரல் எடுத்த மறுகணம் காரைக்குடியில் போய் நின்றது. படித்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் தோன்றின. நான்கு நாட்கள் விடை இல்லை.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் குடும்பத்தை நாற்பது ஆண்டுகளாக அறிவேன். "உன் கைப்பேசியைக் கொடம்மா, நீங்கள் இருவரும் பேசியதை எல்லாம் கேட்கிறேன்" என்றேன். ஆர்டர் கொடுத்த நாள் முதல் மூட்டை வந்த நாள் வரை அறுபத்து மூன்று குரல் செய்திகள். நெசவாளர் அவ்வளவாக எழுதப் படிக்கப் பழகாதவர். மேலும் தறியில் அமர்ந்தவனுக்குக் கையும் காலும் ஓய்வில்லை, வாய் ஒன்றுதான் ஓய்வு. ஆகவே எதையும் குரலாகவே அனுப்புவார். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பழைய பழக்கப்படி கோடு போட்டு, வரிசை எண், தேதி, நேரம், அனுப்பியவர், பொருள் என்று ஐந்து பத்திகள் அமைத்தேன். இரண்டு இரவுகள் கேட்டேன். பாதிச் செய்திகளில் தறி ஓசைதான் பெரிதாகக் கேட்கும்.

நாற்பத்தோராவது செய்தியில் விஷயம் இருந்தது. நவம்பர் 28, மாலை. "அம்மா, செங்கல் நூல் சாயக்காரர்கிட்ட இப்ப இல்லீங்க. வர நாளாகும்னு சொல்றார். அரக்கு கைவசம் இருக்கு, எடுப்பா இருக்கும். அதையே போட்டுறட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். ஓசைக்கிடையே கேட்டிருக்கிறார். அதை அடுத்து, அரை நிமிடத்தில் ஒரு படம்: அவருடைய மகள் பள்ளியில் பரிசு பெறும் காட்சி. அதற்கு அடுத்து என் மருமகளின் விடை. சொல் இல்லை, நிமிர்ந்த கட்டை விரல் ஒன்று.

அப்போது அவள் மெட்ரோ ரயிலில் வந்துகொண்டிருந்திருக்கிறாள். கூட்டத்தில் குரல் செய்தி கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று விட்டுவிட்டு, குழந்தையின் படத்தைப் பார்த்து, மகிழ்ந்து, கட்டை விரலை அனுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் மறந்தாள். அவரோ தம் கேள்விக்கு விடை வந்துவிட்டதென்று எண்ணிச் சாயத்தொட்டிக்குப் போய்விட்டார்.

இத்தோடு நிற்கவில்லை. டிசம்பர் நடுவில், முதற் சேலை தறியிலிருந்து இறங்கியதும் அவர் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இரவு நேரம், மஞ்சள் விளக்கொளி. அந்தப் படத்தில் அரக்கு செங்கலாகத் தெரிந்தது! நானே பார்த்தேன். கைப்பேசியின் காமிரா ஒளிக்கேற்ப நிறத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. பார்க்கும் திரையும் ஒவ்வொன்றும் ஒரு விதம். எங்கள் மூவர் கைப்பேசியிலும் அதே படத்தைத் திறந்து அருகருகே வைத்தோம், மூன்று நிறம். ஆக, விடையும் கேள்வியும் ஒன்றையொன்று தவறவிட்டன. படமும் பொய் சொல்லிற்று. ஏமாற்றியவர் எவரும் இல்லை.

நோட்டுப் புத்தகத்தை மருமகளிடம் காட்டினேன். அவள் நேரம் போவது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு மீதி 14,800 ரூபாயையும் அனுப்பிவிட்டு, முகம் தெரியும்படி காணொளியில் அழைத்தாள். இம்முறை நெசவாளர் எடுத்தார். "அண்ணே, தப்பு எங்க பக்கந்தான்" என்றாள். அவர் பணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "ஏமாத்துனேன்னு எழுதியிருந்தீங்களேம்மா, அதை எனக்கு வாசிச்சுக் காட்டினது என் மகள்தான்" என்றார். பரிசு பெற்ற அதே பெண்.

அதற்கு என் மருமகளால் விடை சொல்ல இயலவில்லை. நானும் அருகில்தான் இருந்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சேலைகளை ஒவ்வொன்றாக விற்று முடிக்க ஏழு மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில் நாங்கள் தொழில் முறையை மாற்றினோம். மாற்றியது கருவிகளை அல்ல. எந்தக் காரியம் எந்தக் கருவியில் என்பதை மட்டுமே.

எங்கள் பக்கத்து வணிகர்கள் சரக்கின் விவரத்தை எழுதிக் கையொப்பமிட்ட சீட்டைக் கைச்சாத்து என்பார்கள். அதை மீண்டும் கொண்டு வந்தோம். குரலில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், நலம் விசாரிக்கலாம், பேரம் செய்யலாம். பேச்சு முடிந்ததும் மருமகள் அதைச் சிறு சீட்டாகத் தமிழில் தட்டெழுதி அனுப்ப வேண்டும். கைச்சாத்து எண், தேதி, எத்தனை சேலை, உடல் நிறம், கரை நிறம், விலை, முன்பணம், அனுப்பும் நாள், கூரியர்ச் செலவு யாருடையது — பத்து வரிக்கு மேல் போகாது. அவருடைய மகள் அதை வாசித்துக் காட்டுவாள். அவர் இசைந்தால், அந்தச் செய்தியையே தொட்டு, அதற்கு விடையாக, "கைச்சாத்து 7, சம்மதம்" என்று அவள் எழுதி அனுப்புவாள். எண் இல்லாத சம்மதம் சம்மதமன்று. கட்டை விரலைப் பிறந்த நாள் வாழ்த்துக்கு வைத்துக்கொள்ளலாம். இடையில் ஏதேனும் மாறினால் பழைய சீட்டைத் திருத்துவதில்லை. "7-க்குப் பதில் 7-அ" என்று புதுச் சீட்டு. பாவு தறியேறுமுன் மகள் ஒரு முறை சீட்டைப் படித்துக் காட்டிவிட வேண்டும் என்பது அவரே சேர்த்த விதி.

நிறத்துக்கு இணையத்தை நம்புவதையே விட்டுவிட்டோம். இதைச் சிலர் நகைக்கக்கூடும். அவர் தம்மிடம் உள்ள ஒவ்வொரு நிற நூலிலும் இரண்டு துண்டு எடுத்து, ஒரே மாதிரியான இரண்டு அட்டைகளில் வரிசையாகக் கட்டி, எண் இட்டு, ஒன்றைத் தம் தறியருகே மாட்டினார். மற்றொன்றை எங்களுக்குத் தபாலில் அனுப்பினார். அதில் பதினெட்டு நிறங்கள். செங்கல் 4, அரக்கு 5. இப்போது மருமகளும் அவரும் நிறத்தின் பெயரையே சொல்வதில்லை. "உடல் 4, கரை 18" என்பதோடு சரி. ஒரு தபால் உறைக்கு ஆன செலவு, 32,400 ரூபாய் ஆர்டர் ஒன்று கைநழுவிய நஷ்டத்தை இனி வாராமல் தடுக்கிறது. உள்ளூர் வாடிக்கையாளர் வந்தால் அட்டையைப் பகல் ஒளியில் காட்டுகிறோம். வெளியூர்க்காரருக்குப் படம் அனுப்ப வேண்டியிருந்தால், காலை வெயில் நேரே படாத பால்கனியில், வெள்ளைத் தாள் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுக்கிறாள். அதைப் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் சுருங்காமல் போகிறது. இருந்தாலும், "நிறம் திரையில் சற்று மாறித் தோன்றலாம்" என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறாள். பெரிய ஆர்டராயின் நூல் துண்டே அவர்களுக்கும் தபாலில் போகும்.

கணக்குக்கு இணையத்தில் ஒரு விரிதாள் வைத்திருக்கிறோம். தில்லியில் நாங்கள் ஏற்றுவதை அங்கே அவர் மகள் பார்க்கலாம். அவள் "தறி ஏறிற்று" என்று குறிப்பதை நாங்கள் பார்க்கலாம். யார் எந்தப் பத்தியில் எழுதலாம் என்பதைப் பிரித்துவிட்டோம். இல்லையேல் ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் அழித்துவிடுவர். மாத முடிவில் நான் அதை அச்செடுத்துக் கோப்பில் சேர்க்கிறேன். மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குப் பின் வாட்ஸ்அப் உலகம் முழுவதும் நின்றுபோயிற்று. மீண்டும் உயிர் பெறும்போது இங்கே விடியலை நெருங்கிவிட்டது. அன்று மறுநாள் அனுப்ப வேண்டிய முகவரிகள் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. வெளிநாட்டில் இருக்கும் மகளோடு நாங்கள் ஆண்டுக்கணக்காகப் பேசி வந்த ஸ்கைப், 2025 மே மாதத்தில் அடியோடு மூடப்பட்டது. என் காலத்துப் பதிவுத் தபாலும் அதே ஆண்டில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. கருவி நம்முடையதன்று, பதிவேடு நம்முடையது. முகவரியும் கணக்கும் கருவிக்குள் மட்டும் இருக்கலாகாது.

வாடிக்கையாளரைக் குழுவாகச் சேர்ப்பது குறித்தும் ஒரு சொல். தொடக்கத்தில் மருமகள் எல்லாரையும் ஒரே குழுவில் சேர்த்தாள். குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் மற்றவர் எண் தெரியும். யாரோ ஒருவர் அந்த எண்களை எடுத்து, வீட்டுமனை விளம்பரம் அனுப்பத் தொடங்கினார். மூன்று அம்மையார்கள் மனம் வருந்தி விலகினார்கள். பெண்கள் நம்பித் தந்த எண்ணைக் காப்பது நம் கடன் அல்லவா? இப்போது ஒலிபரப்புப் பட்டியல் மூலமே புதுச் சரக்கைத் தெரிவிக்கிறாள். அது ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் போலப் போகும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்க்கே அது சேரும். அதுவும் நன்மைதான், வேண்டாதவர் வீட்டு வாசலில் நாம் நிற்க வேண்டியதில்லை.

பண விஷயத்தில் மோசம் செய்பவர்களும் இந்த வழியாகவே வருகிறார்கள். "நான் ராணுவ அதிகாரி, ஆறு சேலை வேண்டும், இப்போதே பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டக் குறியைப் படம் பிடித்து உங்கள் ரகசிய எண்ணை இடுங்கள்" என்று ஒருவன் எழுதினான். பணம் பெறுவதற்கு எவரும் ரகசிய எண் இட வேண்டியதே இல்லை, அனுப்புவதற்கு மட்டுந்தான். இந்த ஒன்றை வீட்டிலுள்ள முதியோர் முதல் எல்லாரும் மனத்தில் இருத்த வேண்டும். இன்னொருவர் பணம் அனுப்பிவிட்டதாகப் படம் அனுப்பினார். வங்கிக் கணக்கில் வரவில்லை. படத்தை நம்பிச் சரக்கு அனுப்பலாகாது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பின்னரே பொட்டலம் கட்டுகிறோம். முன்பணம் வாங்கும் கூச்சமும் போய்விட்டது. பாதிப் பணம் வந்த பின்பே கைச்சாத்து.

வரி விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சரக்கை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு விற்பவர், விற்பனை சிறிதாயினும் ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டும் என்பது பொது விதி. கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் உண்டு. நாங்கள் பதிவு செய்துகொண்டோம். கணக்கெழுதுதல், மொழிபெயர்ப்பு, பாட்டு வகுப்பு போன்ற சேவைகளை இணையம் வழியே நடத்துவோர்க்கு, பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை அந்தக் கட்டாயம் இல்லை, வாடிக்கையாளர் வேறு மாநிலத்தில் இருந்தாலும். தொடங்குமுன் ஒரு தணிக்கையாளரைக் கண்டு கேட்டுவிடுங்கள். உறவினர் சொன்னார் என்று இருந்துவிட வேண்டாம்.

நேர ஒழுங்கும் வேண்டும். வீடே கடையானால் கடை மூடும் வேளை இல்லாமற் போகிறது. இரவு பதினொன்றரைக்கு, "இந்தச் சேலைக்கு ரவிக்கைத் துணி உண்டா?" என்று கேள்வி வரும். மருமகள் படுக்கையிலிருந்து எழுந்து விடை எழுதுவாள். என் மனைவிதான் அதற்கு முடிவு கட்டினாள். இரவு எட்டரைக்கு மேல் கைப்பேசி சமையலறை அலமாரிக்குள் போய்விடும். நெசவாளருக்கும் அப்படியே; பகலில் பத்து முறை அழைத்தால் அவர் பத்து முறை தறியை நிறுத்த வேண்டும். காலை ஏழு மணிக்கு அவர் தேநீர் அருந்தும் வேளையில் ஒரே அழைப்பு, மற்றவை செய்தியாக. ஞாயிறன்று அதுவும் இல்லை.

அரக்குச் சேலைகளில் கடைசியாக நின்றது ஒன்று. அதை விலை கொடுத்து வாங்க நம் சங்கத்து அம்மையார் ஒருவரே இரு முறை கேட்டார். மருமகள் தரவில்லை, சென்ற ஆண்டு ஊருக்குப் போனபோது அதையே உடுத்திக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். நெசவாளர் பார்த்தார், "எடுப்பாத்தானே இருக்கு?" என்று மட்டும் கேட்டாராம். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். விரிதாளில் என் கூட்டலில் இருந்த பிழை ஒன்றை அண்மையில் அவள்தான் கண்டுபிடித்தாள்.

நிற அட்டையில் பத்தொன்பதாவது நூல் போன வாரம் தபாலில் வந்தது, மாந்தளிர் நிறம். வரும் பொங்கலுக்கான கைச்சாத்து 212 நேற்று மாலை போயிற்று. இரவு எட்டேகாலுக்குச் சம்மதம் வந்தது. திங்கட்கிழமை பாவு ஏறும்.